தீசிஸ் தலைப்பு ஓகே ஆயிடுச்சு! (நடுவுல ஒரு கறிவேப்பிலைக் கதை)

வணக்கம் மக்களே! விஷயம் முதல்ல, அலப்பறை அப்புறம். தீசிஸ் தலைப்புக்கு எங்க கைடு ஓகே சொல்லிட்டாங்க! குளிர்காலம் முழுக்க என் புலம்பலைக் கேட்ட புண்ணியவான்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

தலைப்பு என்னன்னா, லீக் ஆஃப் நேஷன்ஸ்ல இந்தியா. ஐ.நா.வுக்கு முன்னாடி இதே ஜெனீவாவுல இருந்துச்சே, அது. 1920-ல அது ஆரம்பிக்கும்போதே இந்தியா உறுப்பினர். யோசிச்சுப் பாருங்க, நாட்டை ஆள்றது வெள்ளைக்காரன், ஆனா இங்க தனி நாற்காலி, தனி ஓட்டு! கடிவாளம் என்னவோ லண்டன் கையிலதான். அப்படி உட்கார்ந்திருந்தவங்களால எதைப் பேச முடிஞ்சுது, எதை முழுங்க வேண்டியிருந்துச்சு? அதான் என் கேள்வி.

வந்தவங்க யாருன்னு தேடினா, நம்மாளுங்க! 1921-ல வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1922-ல சிவஸ்வாமி ஐயர். மயிலாப்பூர்க்காரங்க இப்ப நிமிர்ந்து உட்காருவீங்க. ஆமா, லேடி சிவஸ்வாமி ஐயர் ஸ்கூல்ல வர்ற அந்த லேடி, இவர் வீட்டம்மாதான். அந்த ஸ்கூலைத் தாண்டித்தான் நான் டியூஷனுக்கே போவேன், ஒரு நாளாவது யாருன்னு கேட்டிருப்பேனா? அப்புறம் 1929-ல ஹபிபுல்லா, வேலூர் நகராட்சித் தலைவரா இருந்தவர். இந்தியக் குழுவுக்கே தலைமை தாங்கின முதல் இந்தியர் அவர்தான். அதுவரைக்கும் நம்ம குழுவுக்கும் வெள்ளைக்காரர்தான் தலைவர், கொழுப்பைப் பாருங்க!

மயில் உலாவுதே, அந்த ஐ.நா. கட்டடத்துலயா பேசினாங்கன்னு கமென்ட்ல கேட்பீங்க. இல்ல. அதுக்கு அடிக்கல் வச்சதே 1929-லதான். சாஸ்திரி வந்தப்போ சபை கூடினது ரெஃபர்மேஷன் ஹால்ங்கிற மண்டபத்துல. அதையும் பிற்பாடு இடிச்சுட்டாங்க, பாவிங்க.

லீக்கோட ஆவணம் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி 2022-ல முடிச்சுட்டாங்க. ஒன்றரைக் கோடிப் பக்கம் பக்கத்துல வரும், அத்தனையும் இலவசம்! மதுரையில உட்கார்ந்துகூட படிக்கலாம். இந்த ஊர்ல இலவசம்னு ஒண்ணைக் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல கறிவேப்பிலை பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள நாலே நாலு கொத்து, வாடி வதங்கி. 3 ஃப்ராங்க் 90! நம்ம காசுக்கு நானூறுக்கு மேல வரும். மாட வீதியில கத்திரிக்காய் வாங்கினா கொத்தமல்லியோட சேர்த்துச் சும்மா போடுவாங்களே, அதுக்கு பார்கோடு ஒட்டி வச்சிருக்கான்! டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அப்படியே வச்சுட்டேன். காசு கொடுத்து கறிவேப்பிலை வாங்கற ஜாதி இல்ல நான்.

நேரா நம்ம யாழ்ப்பாணத்து அக்கா கடைக்குப் போனேன். பருப்பும் புளியும் வாங்கினதுக்கு ஒரு கை நிறைய அள்ளி, "இந்தாங்கோ தங்கச்சி, சும்மா கொண்டு போங்கோ"ன்னாங்க. ஜெயிச்சுட்டேன் மக்களே! தலைப்பு ஓகே ஆனதை அவங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். அவங்க உடனே 30/1-ஐப் பத்தி ஆரம்பிச்சுட்டாங்க. அது இலங்கைப் போர்க் கொடுமைகளுக்குப் பொறுப்பு கேட்கற ஐ.நா. மனித உரிமை கவுன்சில் தீர்மானம், 2015-ல இலங்கையும் சேர்ந்தே கொண்டுவந்தது. 2020-ல இலங்கை விலகிக்கிச்சு. 2021-ல 46/1-ன்னு அடுத்த தீர்மானம் வந்துது, அந்தக் கொடுமைகளுக்குச் சாட்சியம் திரட்டி வைக்கறதுக்கு. மிளகாய்த்தூள் எடை போட்டுக்கிட்டே நம்பர் மாறாம சொல்றாங்க! மார்ச் வந்தா ஐ.நா. வாசலுக்கு எதிர்ல இருக்கற அந்த உடைஞ்ச நாற்காலி சிலைகிட்ட பதாகையோட நிக்கறவங்க அவங்க. எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் இந்த நம்பரெல்லாம் வாயில வராது, என்னையும் சேர்த்து.

அட, முக்கியமானதை விட்டுட்டேனே! எங்க கிராஜுவேட் இன்ஸ்டிட்யூட்டை 1927-ல தொடங்கினவங்கள்ல ஒருத்தர் வில்லியம் ரப்பார். அவர் லீக்லயே மேண்டேட் பிரிவுக்கு, அதாவது முதல் உலகப் போர்ல தோத்த நாடுகளோட காலனிகளைக் கண்காணிக்கற பிரிவுக்கு, இயக்குநரா இருந்தவர். அப்போ என் தலைப்பு வீட்டுச் சமாச்சாரம் மாதிரிதானே? கைடுகிட்ட இதையும்தான் எடுத்து விட்டேன்.

"இதைப் படிச்சா ஐஎஃப்எஸ் ஆகலாமா?"ன்னு கேட்கற அங்கிள்களுக்கு: அந்த வெளியுறவுப் பணிக்கு யூபிஎஸ்சி எழுதணும், ஏதாவது ஒரு டிகிரி போதும், இவ்வளவு தூரம் வரத் தேவையில்ல. ஐ.நா. கனவோட வர்ற தம்பி தங்கச்சிங்க கையில காசு வச்சுக்கிட்டு வாங்க. ஐ.நா. செயலகத்துல இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடையாது. ஐஎல்ஓல, அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்புல, உதவித்தொகை உண்டு. 2015-ல ஒரு நியூசிலாந்துப் பையன் இன்டர்னா வந்து ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தங்கினது உலகச் செய்தியாச்சு. உலகத்துக்கே நியாயம் பேசற இடத்துல ஓசி வேலை, எனக்குப் பத்திக்கிட்டு வரும். 2025-ல பணத் தட்டுப்பாட்டுல ஆட்குறைப்பும் சேர்ந்துக்கிச்சு, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

அடுத்த வீடியோவுல சாஸ்திரி ஃபைலைத் திறந்து ஸ்க்ரீன்லயே காட்டறேன். இப்ப ஆறு மணிக்கு என் லாண்ட்ரி நேரம், விட்டா வியாழக்கிழமைதான். ஓடறேன், பை!