மூணாவது அடுக்கு ரக்பி லீக்: 60-வது நிமிஷத்துக்கு அப்புறம் என்ன நடக்குது?

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ரக்பி லீக்ங்கிறது அணிக்கு 13 பேர் ஆடுற ரக்பி வகை. இங்கிலாந்துல 2025 வரைக்கும் மேல சூப்பர் லீக், அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப், அதுக்கும் கீழ லீக் ஒன் இருந்துச்சு. 2022 சீசன்ல அந்த லீக் ஒன்ல கீத்லி கூகர்ஸ் 20 மேட்ச் ஆடி 20-லயும் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் சாம்பியன்ஷிப் போனாங்க, ஒரே சீசன்ல திரும்பக் கீழ இறங்கிட்டாங்க. ஆடத் தெரியாதவங்களா? இல்லவே இல்ல. இது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா, இந்த மட்டத்துல ஆடுறவங்களுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் கிடைக்குதுன்னு பார்க்கணும்.

இவங்க செமி புரொஃபஷனல். பகல்ல கட்டட வேலை, ஸ்கூல் வாத்தியார் வேலை, லாரி ஓட்டுறதுன்னு ஏதோ ஒரு பொழப்பு இருக்கும். இந்த விளையாட்டு பொறந்ததே இந்தப் பிரச்சினையிலதான். 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டுல ஜார்ஜ் ஹோட்டல்ல வட இங்கிலாந்து கிளப்புகள் கூடி, அப்போ ரக்பியை நடத்தின ரக்பி யூனியனை விட்டு வெளிய வந்தாங்க. ஆடப் போறதால ஒரு நாள் கூலி போகுது, அதுக்கு ஈடா ஆறு ஷில்லிங் குடுக்கணும்னு கேட்டாங்க. அன்னைக்குப் பிரிஞ்சு வந்த ஹன்ஸ்லெட், ஓல்டம், ராச்டேல் ஹார்னெட்ஸ் மூணு பேரும் 2024-லயும் லீக் ஒன்லதான் ஆடினாங்க. வேலையா மேட்சாங்கிற கேள்வி இன்னும் அங்க அப்படியே இருக்கு.

பொதுவா ஒரு வாரம் எப்படிப் போகும்? செவ்வாய் சாயங்காலம், வியாழன் சாயங்காலம் பயிற்சி, ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு மேட்ச். செவ்வாய்க்கிழமை பாதிப் பேருக்குப் போன மேட்ச்ல வாங்கின அடியே ஆறியிருக்காது. அதனால வீடியோ, லேசான ஓட்டம், டிஃபென்ஸ் லைன், அவ்வளவுதான் முடியும். அட்டாக்குக்கு மிஞ்சுறது வியாழன் ராத்திரி மட்டும். முழு நேர அணியில அட்டாக்கை நடத்துற ரெண்டு ஹாஃப்-பேக்கும், தரையில இருந்து பந்தை எடுத்துக் குடுக்கிற ஹூக்கரும் தினமும் சேர்ந்து பந்து போடுவாங்க. இங்க அந்த வாய்ப்பு இல்ல. அதனால நல்ல கோச் இந்த மட்டத்துல இருபது மூவ் சொல்லித்தர மாட்டார். அஞ்சாறு மூவ், ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு. அதுதான் சரியான வழின்னு நான் நினைக்கிறேன்.

இப்போ முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. பந்து வச்சிருக்கிற அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது ஆறு தடவை பிடிபடுற வரைக்கும்தான் பந்து. அஞ்சு தடவை பிடிபடுற வரைக்கும் பந்தோட முன்னேறி, கடைசில உதைச்சு எதிராளியை அவங்க மூலையில மாட்டி விடணும். ஒரு ஓட்டத்துக்கு எட்டு ஒன்பது மீட்டர் கிடைச்சாப் போதும், மொத்தம் 40 மீட்டருக்கு மேல வந்துடும். இப்படிப் பந்தை விடாம முழுசா முடிச்சா அது கம்ப்ளீட் ஆன செட். பத்துக்கு எட்டு செட் முடிச்சா நல்ல நாள்.

இப்போ உங்க ட்ரை லைன்ல (எதிராளி தாண்டிப் பந்தைத் தரையில வச்சா ஸ்கோர் ஆகுற கோடு) இருந்து 20 மீட்டருக்குள்ள, ரெண்டாவது டேக்கிள்லயே பந்து கை நழுவுதுன்னு வைங்க. எதிரணிக்கு ஆறு டேக்கிள், அதுவும் கோட்டுக்குப் பக்கத்துலயே. அதைத் தடுத்துட்டீங்க, சரி. அவங்க கடைசில பந்தை உருட்டி உதைக்கிறாங்க, உங்க ஆளு ட்ரை லைனுக்குப் பின்னாடி மாட்டிக்கிறார். கம்பத்துக்கு நடுவுல இருந்து டிராப்-அவுட் (பந்தைத் தரையில விட்டு உதைக்கிறது) உதைக்கணும், பெரும்பாலும் பந்து திரும்ப அவங்ககிட்டதான் போகும். மறுபடி ஆறு. ஒரே ஒரு தப்புக்கு 12 டேக்கிள் தொடர்ந்து செய்யணும்.

கோட்டை விட்டு வெளிய வந்ததும் ஒவ்வொரு டேக்கிளுக்கு அப்புறமும் தடுக்கிற லைன் 10 மீட்டர் பின்வாங்கணும். நடுவுல நிக்கிற கனத்த ஆளு ப்ராப், அவரைக் கவனிங்க. விழுந்த ஆளை விட்டு எழுந்து, திரும்பி, ஓடி, மறுபடி முன்னாடி வரணும். முதல் பாதில இதைச் சட்டுன்னு செய்வார். 60-வது நிமிஷத்துக்கு அப்புறம் கையை முட்டியில வச்சுப் பின்னாடியே நடப்பார். ஏழு மீட்டர்தான் போயிருப்பார், அதுக்குள்ள எதிராளி ஹூக்கர் தரையில இருந்து பந்தை எடுத்துட்டு அவர் பக்கமாவே ஓடி வருவார். பிடிச்சா ஆஃப்சைடு (10 மீட்டர் பின்வாங்காம தடுத்த தப்பு), பிடிக்கலேன்னா நடுவுலயே ஓட்டை. மேல் அடுக்குல வேகம் இன்னும் ஜாஸ்தி, இந்தக் களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். வாரத்துக்கு ரெண்டு சாயங்காலத்துல அதுக்கான மூச்சைக் கட்டுறது ரொம்பக் கஷ்டம்.

இதுக்குத்தான் ஆள் எண்ணிக்கை. மேட்சுக்கு 17 பேர், 13 களத்துல, 4 பெஞ்ச்ல. ஒருத்தருக்குத் தலையில அடிபட்டு மூளை அதிர்ச்சின்னு தெரிஞ்சா அடுத்த ஞாயிறு அவர் கிடையாது. ஒருத்தருக்கு வேலையில ஷிஃப்ட் மாறும். ஜூலை வந்தா 17 பேர் தேத்துறதே பாடு. அப்போ கைகுடுக்கறது லோன், டுயல் ரெஜிஸ்ட்ரேஷன். பெரிய கிளப்போட இளம் ஆட்டக்காரர் இங்கயும் பதிஞ்சு ஆடலாம். திறமை வரும், நிஜம்தான். ஆனா வியாழக்கிழமை வந்தவருக்கு அணியோட சைகையெல்லாம் தெரியாது. குளிர்காலம் முழுக்க சேத்துல உழைச்ச ஒருத்தர் அவருக்காக வெளிய உக்காரணும். இதை அளவோட செய்யற கிளப்தான் கடைசி வரைக்கும் ஒண்ணா நிக்கும்.

தூரமும் ஆளைத் தின்னும். கார்ன்வால் அணி தென்மேற்கு ஓரத்துல இருக்கிற பென்ரின்ல இருந்து வடக்க கீத்லிக்கு வர ஒரு வழிக்கே 600 கிலோமீட்டருக்கு மேல ஆச்சு. ஞாயிறு ராத்திரி பஸ்ல திரும்பி, திங்கள் காலையில வேலைக்குப் போக வேண்டியிருந்துச்சு. 2022-ல ஆரம்பிச்ச அவங்க 2025 சீசனுக்கு முன்னாடி விலகிட்டாங்க. வெஸ்ட் வேல்ஸ் ரைடர்ஸ் 2022-ஓட போயாச்சு, லண்டன் ஸ்கோலர்ஸ் 2023-ஓட. பழைய கோட்டைக்கு வெளிய இந்த ஆட்டத்தை வளர்க்க வந்த அணிகள் இவங்க. போனது உண்மையாவே வலிக்குது.

டேபிள் பார்க்கும்போது பாயிண்ட்ஸ் டிஃபரன்ஸை மட்டும் நம்பாதீங்க. ஜெயிச்சா 2 பாயிண்ட், சமன்னா 1. சமமா இருந்தா ஸ்கோர் வித்தியாசம் பார்ப்பாங்க. ஆனா 2018-ல யார்க் சிட்டி நைட்ஸ் வெஸ்ட் வேல்ஸை 144-0-ன்னு அடிச்சாங்க. அப்படி ஒரு மேட்ச் சேர்ந்துட்டா அந்த எண்ணே ஒரு பக்கம் சாஞ்சுடும். நெருக்கமான மேட்ச்ல கடைசி 20 நிமிஷம் யார் எத்தனை செட் முடிச்சாங்கன்னு எண்ணுங்க. அப்படியே பந்தை விட்டுட்டு, நடுவுல நிக்கிற மூணு பேர் காலைப் பாருங்க. ஓடிப் பின்வாங்கறாங்களா, நடக்கறாங்களா?