காவல் கொட்டில் காட்டைப் பார்க்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் புழுதி வெயிலிலும் வந்து குந்தியிருக்கும் வன்னிச் சனங்களே, வணக்கம்.

சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தடுக்க முதலில் வேண்டியது விழிப்பான ஊரா, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எங்கள் வயற்காவலை உதாரணம் காட்டினார். காவல் கொட்டிலில் ஒருவர் விழித்திருந்தால் யானை வராது, அதுபோல அயல் விழித்திருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, செயலமர்வும் சான்றிதழும் எதற்கு என்றார். நன்றாகக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் ஐயா, கொட்டிலில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்? காட்டுப் பக்கம். பிள்ளைகளைத் துன்புறுத்துவோரில் பெரும்பாலானோர் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள். இந்த யானை வளவுக்குள்ளே நிற்கிறது. வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தியிலும் இருக்கிறது.

அதோடு, எந்த ஊரைச் சொல்கிறார்கள்? 2009இல் போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரங்களுக்குப் போய்த் திரும்பியபோது பக்கத்து வளவுக்காரர் பல இடங்களில் மாறிவிட்டார். சில வளவுகளுக்கு ஆளே திரும்பவில்லை. சரி, ஊர் அப்படியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். விஷயம் வெளியே வந்ததும் ஊர் கூடி முதலில் காப்பாற்றுவது குடும்பத்தின் மானத்தை. பிள்ளையின் முறை பிறகுதான் வரும்.

நான் ஓர் ஆசிரியை. மீள்குடியேறிய முதல் வருடங்களில் தகரக் கொட்டகையில் படிப்பித்தேன். நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவில் அழுதது. அன்பாகத்தான் கேட்டேன்: “ஆரும் அடிச்சவையோ? மாமாவோ?” தலையாட்டியது. அதிபரிடம் கூட்டிப்போனேன், அவரும் கேட்டார். உப அதிபர் வந்தார், அவரும் கேட்டார். அம்மம்மாவைக் கூப்பிட்டோம், அவர் எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். நாலாவது முறை கேட்டபோது அது சொன்னது: “விழுந்திட்டன் ரீச்சர்.” அடுத்த கிழமையிலிருந்து வரவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களில் யாருக்கும் அன்பில் குறைவில்லை, நடுவர் அவர்களே. விழிப்பிலும் குறைவில்லை. வருடங்கள் கழித்து ஒரு பயிற்சியில் இருந்தபோதுதான் விளங்கியது: “மாமாவோ?” என்ற அந்த ஒரு சொல்லே பிழை. பெயரை நான் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டேன். உண்மையாகவே அது மாமாவா, வேறொருவரா என்று பிறகு யார் பிரித்துச் சொல்வது? நாலு பேர் நாலு தரம் கேட்டது அடுத்த பிழை. திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் சொன்னது பிழை போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடும். போய்ச் சேரவேண்டிய வீட்டின் ஆளை வைத்துக்கொண்டே கேட்டது எல்லாவற்றிலும் பெரிய பிழை.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் இருந்து, “சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்று விட்டுவிடுவது. “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று சத்தியம் பண்ணாமல் இருப்பது. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கோ பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தருக்கோ அறிவிப்பது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகவே நீதிமன்றம் ஏற்கலாம் என்று 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பதிவை எடுப்பவர் என்னைப்போல “மாமாவோ?” என்று கேட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும்.

கோப்பு, பேனை, மத்தியானம் சோத்துப் பார்சல், மாலையில் குழுப்படம். அதுவும் பயிற்சியா என்று எதிரணி சிரித்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. நானும் அப்படிப் பல பார்சல் சாப்பிட்டவள்தான். ஆனால் வைத்தியர் பிழைவிட்டார் என்பதற்காக மருத்துவப் படிப்பே வேண்டாம் என்போமா?

இன்னொன்று. எல்லா வீட்டிலும் கொடியவன் இருப்பதில்லை. நுண்கடன்காரன் கிழமைக்கிழமை வாசலில் நிற்கும் வீடு, தகப்பன் குடிக்கும் வீடு, போரில் துணையை இழந்த பெண் தனியே சுமக்கும் வீடு, இவை முறிவதற்கு முன்னே தாங்கப்பட வேண்டியவை. வீடுவீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். நிறை குறைவதைப் பார்த்து “ஏன் ஒழுங்காகச் சாப்பாடு குடுக்கேல்லை?” என்று ஏசிவிட்டு வரலாம். பயிற்சியுள்ளவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இந்த மாதம் எப்படிப் போகிறது என்று கேட்பார். கடனும் அடியும் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். அதைக் கேட்கத் தெரியாத இடத்தில் பிள்ளையைத் தூக்கிச் சிறுவர் இல்லத்தில் விடுகிறோம். நாட்டின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், ஐயா. அனாதை இல்லம் என்று நாம் இன்னும் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒன்றே ஒன்று. அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை இப்போது உங்கள் முன்னால் நின்று அழுகிறது. ஊர் முழுக்க விழித்திருக்கிறது. நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்பதை இந்த மேடையில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.