எதிர்பார்ப்பு வேறு, அவசரம் வேறு

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்பாலில் புதிதாக வரும் ஓர் இளம் பந்துவீச்சாளருக்கு ரசிகர்களின் எதிர்பார்ப்பு பலமா, சுமையா என்பது தலைப்பு. பலம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் டேவிட் கிளைடின் கதையைச் சொன்னார். 1973இல் பதினெட்டு வயதுப் பையன். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நேராக டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக, பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் பந்து வீச இறக்கிவிட்டார்கள். திரண்டு வந்த கூட்டம்தான் அந்தப் பையனை அழித்தது என்று தலைவர் முடித்தார். அவையில் பலர் கண் கலங்கியதையும் பார்த்தேன். கதை உண்மை. ஆனால் குற்றவாளி மாறிவிட்டார்.

ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டு 105 ஆட்டங்களில் தோற்ற அணி. அரங்கத்தில் ஆள் இல்லை. உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குப் பணம் வேண்டும். பையனை இரண்டு ஆட்டங்களில் வீச வைத்துவிட்டு, அப்புறம் கீழ்மட்டப் போட்டியான மைனர் லீகுக்கு அனுப்பி நிதானமாகப் பழக்குவோம் என்றுதான் முதலில் பேச்சு. முதல் ஆட்டத்துக்கு 35,698 பேர் வந்தார்கள். அந்த அரங்கம் அதற்கு முன் ஒரு நாளும் நிரம்பியதில்லை. டிக்கெட் வசூலைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. பையனைக் கீழே அனுப்ப வேண்டும் என்ற மேலாளர் ஒயிட்டி ஹெர்சாகின் சொல் எடுபடவில்லை. பந்துவீச்சாளர் பெயரில் எழுதும் வெற்றி தோல்விக் கணக்கில் கிளைடு மொத்தம் 18 ஆட்டங்களில் வென்றார், 33இல் தோற்றார். 1979க்குப் பிறகு மேஜர் லீகில் அவர் இல்லை.

இதில் ரசிகர்கள் செய்த பாவம் என்ன, நடுவர் அவர்களே? உள்ளூர் மாநிலத்துப் பையன் நன்றாக வரவேண்டும் என்று காசு கொடுத்து வந்து கைதட்டினார்கள். அவரை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிவெடுத்தது அவர்கள் இல்லை. எதிர்பார்ப்பு கூட்டத்தில் இருந்தது, அவசரம் கல்லாப்பெட்டியில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி எங்கள் மேல் போடாதீர்கள்.

அடுத்து மார்க் ஃபிட்ரிச். 1976இல் டெட்ராய்ட் நகரமே கொண்டாடிய புதுமுகம். பந்தோடு பேசுவார், மண்டியிட்டுப் பந்துவீசும் மேட்டைக் கையால் சமன் செய்வார், சக வீரர் நல்ல கேட்ச் பிடித்தால் ஓடிப்போய்க் கை கொடுப்பார். அந்த ஆண்டு 19 வெற்றி. அடுத்த ஆண்டு பயிற்சி முகாமில் முழங்கால் போயிற்று, பிறகு தோளும் போயிற்று, 1980உடன் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. நகரம் வைத்த பாரத்தில் நசுங்கினார் என்கிறார்கள். 1976இல் அவர் தொடங்கிய 29 ஆட்டங்களில் 24ஐ கடைசிவரை அவரே வீசி முடித்தார். அந்தக் காலத்து வழக்கம் அது. பல அணிகளில் இன்று எல்லாப் பந்துவீச்சாளர்களும் சேர்ந்தால்கூட ஒரு சீசனில் இத்தனை முழு ஆட்டங்கள் வருவதில்லை. அதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. தோளில் தசைநார் கிழிந்திருந்தது என்று கண்டுபிடித்தது 1985இல்! மேஜர் லீகை விட்டு ஐந்து வருடம் கழித்து. அதற்கு முன் கிழிந்த தோளோடுதான் திரும்ப வரப் போராடியிருக்கிறார். மருத்துவத்தின் போதாமைக்கு ரசிகர்களின் கைதட்டலைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரி, எங்கள் அணிக்கு வலுவான சாட்சி யார் என்று கேட்டால், ஃபெர்னாண்டோ வலென்சுவேலா. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதி வேண்டும்.

1981 ஏப்ரல் 9. அந்த சீசனில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் முதல் ஆட்டம். வீச வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காலில் காயம். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த இருபது வயது இளைஞரிடம் பந்தைக் கொடுத்தார்கள். கொஞ்சம் பருத்த உடம்பு. பந்தை விடுவதற்கு முன் கண்கள் வானத்துக்குப் போய்வரும். ஆங்கிலம் தெரியாது. ஸ்பானிஷ் வர்ணனையாளர் ஹைமே ஹரின் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்வார். அன்று ஹூஸ்டன் அணிக்கு ஒரு ரன்கூட இல்லை. தொடங்கிய முதல் எட்டு ஆட்டங்களும் வெற்றி. அதில் ஐந்தில் எதிரணிக்கு ரன்னே கிடையாது.

டாட்ஜர்ஸ் அரங்கம் நிற்கும் மண்ணின் கதை தெரிந்தால்தான் அவர்மேல் விழுந்த எதிர்பார்ப்பின் எடை புரியும். சாவேஸ் ரவைன் என்ற அந்தப் பகுதியில் மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்கள் குடியிருந்தன. 1950களில் அரசு வீட்டு வசதித் திட்டம் வருகிறது என்று சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். வீடுகள் வரவில்லை. நிலம் டாட்ஜர்ஸ் கைக்குப் போனது. 1959 மே மாதம், வெளியேற மறுத்த பெண்ணை அதிகாரிகள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மண்ணில்தான் 1962இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. அந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்று இருந்த குடும்பங்கள் எத்தனையோ.

அவர்கள் உள்ளே வந்தது ஃபெர்னாண்டோவுக்காக. தங்கள் நிறம், தங்கள் மொழி, தங்கள் அப்பாவைப் போலவே ஓர் உடம்பு. தோட்டத்திலும் ஓட்டல் சமையலறையிலும் வேலை செய்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். இருபது வருடக் கசப்பைக் கடந்து வந்த ஒரு சமூகத்தின் எதிர்பார்ப்பு அது. இதைவிடப் பெரிய பாரத்தை எதிரணி நண்பர்கள் காட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

அந்தப் பாரத்தோடு என்ன செய்தார்? ஒரே ஆண்டில் சிறந்த புதுமுகம் விருதும், லீகின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கினார். இன்றுவரை வேறு யாரும் அப்படி வாங்கியதில்லை. அந்த ஆண்டு கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் டாட்ஜர்ஸ் முதல் இரண்டு ஆட்டத்தையும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றுவிட்டு ஊருக்குத் திரும்பியது. மூன்றாவது ஆட்டத்தில் ஃபெர்னாண்டோவின் பந்து சொன்னபடி கேட்கவில்லை. ஒன்பது ஹிட், குறி தப்பிய பந்துகளால் எதிரணிக்கு இலவசமாகப் போன ஏழு வாக். பல இன்னிங்ஸில் சிக்கல். ஆனாலும் சொந்த அரங்கத்தின் ஆரவாரத்துக்கு நடுவில் 147 பந்துகள் வீசி, 5-4 என்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். டாட்ஜர்ஸ் அதன் பிறகு தோற்கவே இல்லை, கோப்பையும் வந்தது. அன்று கையில் திறமை குறைந்திருந்தது, நடுவர் அவர்களே. அவரை நிறுத்திவைத்தது வேறொன்று. அது என்ன என்று அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பின்னாளில் அவர் தோளும் தேய்ந்தது, மறைக்கவில்லை. தொடர்ந்து ஆறு சீசன், ஒவ்வொன்றிலும் 250 இன்னிங்ஸுக்கு மேல் வீச வைத்தார்கள். அந்தக் கணக்கை மேலாளரிடம் கேளுங்கள். ரசிகர்கள் அவரை விடவே இல்லை. 1991இல் அணி அவரை விலக்கிய பிறகும் அவருடைய 34ஆம் எண் சட்டையை அங்கே வேறு யாரும் அணியவில்லை. 2023இல் அந்த எண்ணுக்கு முறைப்படி ஓய்வு கொடுத்தபோது அரங்கம் திரண்டு வந்தது.

அது அந்தக் காலம், இன்றைய பிள்ளைகளுக்கு மன அழுத்தம் அதிகம் என்று எதிரணியில் ஒரு சகோதரி சொன்னார். 2025ஐப் பார்ப்போம் அம்மா. டொரண்டோவின் ட்ரே யெசாவேஜ், வயது 22. சீசனை மைனர் லீகின் அடிமட்டப் பிரிவு ஒன்றில் தொடங்கியவர். செப்டம்பர் நடுவில்தான் மேஜர் லீகில் முதல் ஆட்டம். மூன்று வாரத்தில் பிளே ஆஃப் என்னும் கோப்பைக்கான சுற்றுகள், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் யாங்கீஸுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். மாதக் கடைசியில் வேர்ல்டு சீரிஸ், இப்போது எதிரி அரங்கம், 12 ஸ்ட்ரைக் அவுட். வேர்ல்டு சீரிஸில் எந்தப் புதுமுகமும் எடுக்காத எண்ணிக்கை.

அதே சகோதரி இணையத்தில் வரும் மிரட்டல்களையும் சொன்னார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. 2025 மே மாதம் ஹூஸ்டன் வீரர் லான்ஸ் மெக்கல்லர்ஸின் குழந்தைகளைக் கொல்வேன் என்று ஒருவன் எழுதினான். போலீஸ் யாரென்று கண்டறிந்து பார்த்தால், வெளிநாட்டில் இருந்து பந்தயம் கட்டிப் பணம் விட்டவன். அவனையும், பத்து வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிற அப்பாவையும் ஒரே பெயரால் அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்ற குற்றச்சாட்டும் வந்தது. வாஷிங்டனின் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஆகஸ்டில் முழங்கை போயிற்று, அதன் இணைப்புநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2012இல் அணி 98 ஆட்டம் வென்று பிளே ஆஃப் போனபோது, கையைக் காப்பாற்ற அவரைச் செப்டம்பரிலேயே உட்கார வைத்தார்கள். ஊர் கொதித்தது, அணி முதல் சுற்றிலேயே தோற்றது. ஆனால் அந்தக் கோபத்தில் யாரும் ஸ்ட்ராஸ்பர்க்கைக் கைவிடவில்லை. 2019 வேர்ல்டு சீரிஸில் இரண்டு ஆட்டங்களை வென்று தொடரின் சிறந்த வீரரானார். 1924க்குப் பிறகு அந்த நகரம் பார்த்த முதல் கோப்பை. ஒன்பது வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்துப் பொறுமை இல்லை என்று சொல்லலாமா?

கடைசியாகப் பிட்ஸ்பர்க். 1979க்குப் பிறகு கோப்பை இல்லாத ஊர். அங்கே 2024இல் பால் ஸ்கீன்ஸ் வந்தார். புதுமுகமாகவே, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் முதல் பந்துவீச்சாளராக இறங்கினார், சிறந்த புதுமுகம் விருது வாங்கினார், அடுத்த ஆண்டே சை யங். அந்த சை யங் ஆண்டில் ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காத அவருடைய கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. அவர் அதிகம் ரன் கொடுக்காமல் இருந்தும் அணி போதிய ரன் எடுக்காமல் தோற்ற ஆட்டங்கள் அதில் உண்டு. எதிரணி சொல்வது உண்மையானால் அந்த ஊர் இளைஞரைத்தான் திட்டியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் சொந்த ஊரின் முதல் ஆட்டத்தன்று அரங்கத்தில் எழுந்த முழக்கம், “அணியை விற்றுவிடு” என்பது. உரிமையாளர் பாப் நட்டிங்கைப் பார்த்துப் போட்ட முழக்கம். ஸ்கீன்ஸ் மேட்டில் ஏறும்போது அதே ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும், யாருக்குத் துணை நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும் நடுவர் அவர்களே. தீர்ப்பெழுதும்போது அந்த முழக்கத்தையும் கைதட்டலையும் சேர்த்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.