வேலை போனதை முதல் நாளே சொல்லுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

2022ஆம் ஆண்டு, டொலர் இல்லாமல் இலங்கை திணறிய மாதங்களில், நான் வேலை பார்த்த கட்டட நிறுவனத்தை மூடினார்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு விற்ற சீமெந்துப் பை 3000 ரூபாவைத் தொட்ட காலம் அது. அத்திவாரத்தோடு நின்ற வீடுகளை எங்கும் பார்த்தோம். நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். 9 வருடம் இருந்த கதிரையை விட்டுவிட்டுக் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு "லீவு" என்றேன். அந்த இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு முக்கியமாக வந்தேன். ஆரையம்பதியில் இருக்கும் என் மச்சாள் தன் மகளுக்கு வீடு கட்ட நினைத்து, பிளான் வேலையை யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். "உனக்கு ஒஃபிஸ் வேலை இருக்கு, நேரம் இருக்காதெண்டு நினைச்சன்" என்றாள் பிறகு. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். நெருக்கடி என்று பிள்ளைகள் வளராமல் இருப்பார்களா? பிளான் கேட்கிறவர்கள் இருந்தார்கள். நான் சும்மா இருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு நீங்கினால், ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் உங்கள் பெயரில் இருப்பதை எடுக்க விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியம்போல குறித்த வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையையும் கேளுங்கள். நிறுவனத்தின் கதவு மூடுமுன் தேவையான கையொப்பங்களை வாங்கிவிடுங்கள், பிறகு ஆளைத் தேடி அலைய வேண்டிவரும். எனக்கு வந்த காசில் ஒரு பழைய கணினி வாங்கினேன். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதிந்தேன்.

முதல் பிளானை ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மகள், படம் நல்லாத்தான் இருக்கு. மாரி வெள்ளம் எந்தப் பக்கத்தால வரும், எந்தப் பக்கத்தால போகும்? கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். நிறுவனத்தில் இவற்றையெல்லாம் வேறொருவர் பார்ப்பார், நான் கோடு மட்டும் போடுவேன். மணல் நிலத்தில் கிணறு தோண்டிக் குடிக்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய பிழை! தனியாகத் தொழில் செய்யலாம், ஆனால் தனியாக ஒரு வீட்டை யோசிக்க முடியாது என்று அன்றைக்கு விளங்கியது.

அப்புறம்தான் ஆள் தேடினேன். காத்தான்குடியில் ஒரு தங்கச்சி, வீட்டின் முன்தோற்றத்தைக் கணினியில் அப்படியே கண்முன் நிறுத்துவா. செங்கலடியில் ஒரு தம்பி, எஸ்டிமேட், அதாவது கட்டும் செலவுக் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரன். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பிளானோடு எஸ்டிமேட்டையும் கேட்கும், ஆகவே அவனில்லாமல் என் வேலை பாதிதான். அவர்களும் என்னைப்போல வேலை இழந்தவர்கள்தான். அந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஐயாதான் எல்லாவற்றையும் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்வார்.

முதல் வேலையிலேயே மனக்கசப்பு வந்தது. யாருக்கு எவ்வளவு என்று பேசாமலே தொடங்கியிருந்தோம். காசு கைக்கு வந்ததும் தம்பியின் முகம் மாறியது, இரண்டு கிழமை போன் எடுக்கவில்லை. பிழை என்னுடையதுதான். என் அப்பா நாவலடிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். வலை போடுமுன்பே யாருக்கு என்ன பங்கு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், செலவைக் கழித்த பிறகு அதன்படி பிரிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நானே மறந்துவிட்டேன். செங்கலடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பித் தாளில் பங்கை எழுதி, நால்வரும் கையெழுத்து வைத்த பிறகுதான் நிலத்தை அளக்கப் போகிறோம்.

அடுத்த கிழமை ஏறாவூரில் ஒரு வளவு அளக்க இருக்கிறது. மின்சார வயரிங் படம் வரையத் தெரிந்தவர் இன்னும் எங்களிடம் இல்லை. வேலை இழந்து வீட்டில் இருக்கும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த நிலையத்தில் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.