கையை விடாத அந்த ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நர்ஸ் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டார். கவனித்திருக்கிறீர்களா? நாடி பார்ப்பது போலவே நின்றுகொண்டு, உங்கள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார். 'மூச்சை எண்ணப் போகிறேன்' என்று சொல்லிவிட்டால் மூச்சின் போக்கே மாறிவிடும். உடம்பு மோசமாகப் போவதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பதே மூச்சுதான். அதை எண்ண முழுதாக ஒரு நிமிடம் வேண்டும்.

அந்த நிமிடம் கிடைக்கிறதா? அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் நர்ஸ்களின் நேரத்தை அளந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. நோயாளியின் நிலையைப் பார்த்து, நாடி, பிரஷர், காய்ச்சல் குறிப்பதற்கு அவர்களின் பணி நேரத்தில் 7 சதவீதம்தான் கிடைத்தது. எழுத்து வேலைக்கு 35 சதவீதம் போயிற்று. பத்து மணி நேர ஷிப்டில் சிலர் 8 கிலோமீட்டர் வரை நடந்தார்கள்.

எழுதுவது வீண் என்று சொல்லவே மாட்டேன். இரவு கொடுத்த மருந்தைக் குறிக்காமல் போனால், அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் அதையே மறுபடி கொடுத்துவிடலாம். ஆனால் ஒரே விவரத்தை கேஸ் ஷீட்டில், ரெஜிஸ்டரில், கம்ப்யூட்டரில் என்று மூன்று தடவை எழுதவைப்பதில் என்ன நியாயம்?

நர்ஸின் நேரம் இப்படி வீணாவது புதுக் கவலையும் இல்லை. 1853-இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற, நர்ஸ் பணியின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், மாடிதோறும் வெந்நீர்க் குழாய் கேட்டார். சாப்பாட்டை மேலே ஏற்ற லிஃப்ட் கேட்டார். எந்த நோயாளி அழைத்தார் என்று காட்டும் மணி கேட்டார். இவை இல்லாவிட்டால் நர்ஸ் வெறும் ஒரு ஜோடிக் கால்களாகிவிடுவார் என்று எழுதினார். இன்றும் மருந்து ஏற்றும் ஒரு பம்பைத் தேடி வார்டு வார்டாக அலையும் நர்ஸைப் பார்த்தால் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று, குறுக்கீடு. சிட்னி மருத்துவமனைகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்து கொடுத்த தருணங்களில் பாதிக்கும் மேல் யாரோ, எதுவோ குறுக்கிட்டது தெரிந்தது. குறுக்கீடு கூடக்கூடத் தவறும் கூடியது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, உடனே கூப்பிடுங்கள். எந்த வேலையில் இருந்தாலும் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் எப்போது, பில் எங்கே கட்டுவது போன்ற கேள்விகளை மட்டும், நர்ஸ் மருந்து கொடுத்து முடித்து ட்ராலியை மூடும்வரை வைத்திருங்கள்.