கயிறும் முளையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாடம் சொன்ன சம்ஸ்கிருதக் கல்லூரியின் பின்கட்டில் ஒரு யாகசாலை உண்டு. கீற்றுக் கூரை, சாணம் மெழுகிய மண்தரை. பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். கும்பிடட்டும், நல்லதுதான். ஆனால் அது வகுப்பறை. முப்பது வருடமாக இதையேதான் சொல்லிவருகிறேன்.

வீட்டில் கணபதி ஹோமம் பார்த்திருப்பீர்கள். செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, ஒரே குண்டம். சிரௌதம் என்கிற வேத யாக முறையில் அக்னி மூன்று. மேற்கே கார்ஹபத்யம், வட்டம். கிழக்கே ஆஹவனீயம், சதுரம். தெற்கே தக்ஷிணாக்னி, அரைவட்டம். வடிவம் வேறு வேறு. பரப்பு மூன்றுக்கும் ஒன்றே. அந்தக் கணக்கைச் சொல்வதுதான் சுல்ப சூத்திரம். சுல்பம் என்றால் கயிறு.

படம் போடாமல் சொல்லிப் பார்க்கிறேன். கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தரையில் ஒரு சதுரம். நடுவில் முளை அடித்து, மூலைவரை கயிறு பிடியுங்கள். அதே கயிற்றை ஒரு பக்கத்தின் நடுவுக்குத் திருப்பினால், கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். நீளுகிற துண்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டு மீதியை மடக்கிவிட்டு, நடு முளையிலிருந்து அந்தக் கயிற்றால் வட்டம் சுற்றுங்கள். சதுரமும் வட்டமும் ஏறக்குறைய ஒரே பரப்பு. நூற்றுக்கு இரண்டுகூட மிகாது. சுல்ப சூத்திரம் செய்தவர்களில் ஒருவரான போதாயனர் சொன்ன வழி இது.

ஓர் ஐப்பசியில், முதலாண்டுப் பையன் ஒருவன் காலையில் சதுரம் போட்டுவிட்டுக் கயிற்றை முற்றத்திலேயே விட்டுவிட்டான். நல்ல மழை. மாலையில் அதே கயிற்றால் வட்டம் சுற்றினால் கணக்கு ஒத்தே வரவில்லை. சூத்திரமே தப்பு என்று முகம் சிவக்க நின்றான். காலையில் அடித்த முளைகளுக்கு நடுவே கயிற்றைப் பிடித்துப் பார் என்றேன். நான்கு விரற்கடை குறைந்திருந்தது. நனைந்த கயிறு சுருங்கிவிட்டது! மறுநாள் விடியுமுன் எழுந்து, யாரும் சொல்லாமலே, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டிருந்தான். இன்று அவனும் ஓர் அத்யாபகர். முதல் நாள் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கயிற்றை நனைத்துக் காட்டுகிறானாம்.

அரணி கடைந்து தீ எடுப்பதைச் சொல்ல நினைத்தேன். 1975 ஏப்ரலில் கேரளத்துப் பாஞ்ஞாளில் 12 நாள் நடந்த அதிராத்திரம் என்ற யாகத்தையும், அங்கே செங்கல்லை ஐந்து அடுக்காக வைத்துக் கட்டிய பறவை வடிவ வேள்வி மேடையையும் சொல்ல நினைத்தேன். நேரம் நெருங்கிவிட்டது.

இதில் ஆன்மிகப் படிப்பு எங்கே என்பார்கள். கடோபநிஷத்தில் நசிகேதன் என்ற சிறுவன் எமனிடம் கேட்ட இரண்டாவது வரம் அக்னி. எந்தச் செங்கல், எத்தனை, எப்படி அடுக்குவது என்று எமன் சொல்லித் தருகிறான். பையன் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். எமன் மகிழ்ந்து அந்த அக்னிக்கே அவன் பெயரை வைக்கிறான். ஆத்மாவைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது, மூன்றாவது வரமாக. அதைப் பேச இன்று பொழுதில்லை. வணக்கம்.