கத்தியா, கைக்கோடாலியா?

வணக்கம் நேயர்களே. மாரிக்கு முன் வேலி அடைக்கிற காலம் இது. வளவில் பற்றை வெட்டுவதும் விறகு கொத்துவதும் ஒன்றாகவே நடக்கும். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு இரண்டுக்கும் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் காட்டுக்கத்தியையும் கைக்கோடாலியையும் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

இரண்டும் வெட்டத்தானே என்பீர்கள். சரி, பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோடாலிக்குப் பாரமெல்லாம் தலையில். வாயிலிருந்து பின்னுக்குப் போகப்போகத் தடித்துக்கொண்டே போவதால், இறங்கிய இடத்தைப் பிளந்தும் விடும். கத்திக்கு அலகு நீளம், மெல்லியது. பாரம் அலகு முழுக்கப் பரந்திருக்கும். அது வேகத்தில் வெட்டுகிறது.

கொடி, ஈச்சம் பற்றை, கிளுவை எல்லாம் கத்தியின் பாடு. வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியாலைக் கூரான கத்தியால் சரிவாக, ஒரே வீச்சில் தறியுங்கள். தோல் நையாமல் இருந்தால்தான் நட்டது நன்றாகத் துளிர்க்கும். அதையே கோடாலியால் போட்டால் தடி துள்ளும், தோல் கிழியும். கோடாலிப் பிடி கட்டையானது. தவறிய வெட்டு நேரே கணைக்காலுக்குத்தான் வரும்.

காய்ந்த பாலைக் குத்தியில் கத்தியைப் போடாதீர்கள். பாலை, முதிரை, வீரை எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். கத்தியின் வாய் பல்லுப் பல்லாய்ப் போகும், இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும். இறுகியதை ஆட்டி ஆட்டி இழுத்தால் பிடியடியில் முறியும். அங்கே கோடாலிதான். குறுக்கே நேராகக் கொத்தாமல் இரண்டு பக்கமிருந்தும் சரிவாகப் போடுங்கள், சிராய் தானாகத் தெறிக்கும்.

கத்தி வாயை மெல்லிதாகத் தீட்டலாம். கோடாலியை அப்படித் தீட்டினால் முதல் கணுவிலேயே மடங்கிவிடும்.

எங்கள் பக்கத்து மரங்களில் இன்னொரு சங்கதி உண்டு. சண்டைக் காலத்து ஷெல் துண்டுகள் உள்ளே கிடக்க, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். மரத்தில் வெட்டிய இடத்தில் நீலக்கறுப்பாய்க் கறை தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரும்பில் பட்டால் எந்த வாயும் தாங்காது. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்குள் கத்தியோடும் போகவேண்டாம், கோடாலியோடும் போகவேண்டாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் வாக்கு கத்திக்கு. லொறி வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். கோடாலி வைத்திருப்பவர்கள் சோளகக் காற்றில் பிடி காய்ந்து தலை ஆடுகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் பழையபடி ஆடும். புது ஆப்பு இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.